உட்கார மறுத்த சம்மனசு

எனக்கு இருபத்து மூன்று வயது. இந்த வயதில் நினைவுக் குறிப்பா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இது அவர்களுக்காக எழுதியது இல்லை. மூட்டு மருத்துவரின் அறைக்கு வெளியே, நீளமான அந்த இரும்புப் பெஞ்சில், டோக்கன் எண் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, நமக்காக எழுதியது. அங்கே பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். என்னைப் பார்த்ததும் "உனக்குமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்து இடம் விடுவார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு நாங்கள் எல்லாரும் ஒரே வயதுதான். என் முழங்காலைத் தனியாகக் கழற்றி வைத்து வயது கேட்டால் அது அறுபதுக்குக் குறையாமல் சொல்லும். ஆகவே சக வயதினரே, கொஞ்சம் கேளுங்கள்.

நமக்கு உலகம் இரண்டே அறிவுரை வைத்திருக்கிறது. ஒன்று, ரெஸ்ட் எடு. இன்னொன்று, வலியை மறந்துவிடு. நம்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் முதலாவதைச் சொல்வார்கள். நம்மைத் தெரியாதவர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள். இரண்டும் உதவாது என்று எனக்குத் தெரிந்தது பதினோரு வயதில், மைசூரில், ஒரு டிசம்பர் மாதத்தில்.

எங்கள் சந்து மண்டி மொஹல்லாவின் பழைய கடைகளுக்குப் பின்னால் இருந்தது. ஆட்டோ ஒன்று நுழைந்தால் எதிரே வரும் ஸ்கூட்டர் பின்பக்கமாகவே திரும்பிப் போக வேண்டும். ஒரு முனையில் வெல்டிங் பட்டறை, மறு முனையில் மிளகாய் மூட்டை இறங்கும் குடோன். காலையில் தும்மல், சாயங்காலம் சுட்ட இரும்பு வாசனை. பாதி வீடுகளில் எங்களைப் போல ஹனூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள். வீட்டில் தமிழ், சந்தில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ், ஜெபத்தில் மூன்றும்.

அந்த வருட மழைக்காலத்தில்தான் வலி வந்தது. முதலில் விரல் கணுக்கள், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். காலையில் எழுந்தால் கைவிரல்கள் யாரோ இரவில் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போனமாதிரி இருக்கும். மடக்கினால் மடங்காது. பல் விளக்கும் பிரஷ்ஷை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் பிடிப்பேன். வெயில் ஏற ஏற விரல்கள் ஒவ்வொன்றாக எனக்குத் திரும்பக் கிடைக்கும். மத்தியானம் பார்த்தால் நான் எல்லாரையும்போல ஓடிக்கொண்டிருப்பேன். அதனால்தான் யாரும் நம்பவில்லை. பெரியவர்களுக்கு வலி என்றால் ஒழுங்காக இருக்க வேண்டும். காலையில் இருந்தால் சாயங்காலமும் இருக்க வேண்டும். வந்து போகிற வலி நடிப்பு.

பள்ளியில் பி.டி. சார் அப்படித்தான் நினைத்தார். பெங்களூரில் ஒரு பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இது சின்னப் பிள்ளைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்று எழுதிக் கொடுத்த பிறகு அவருக்கு மனம் இளகிவிட்டது. இளகியது இன்னும் மோசம். விளையாட்டு வகுப்பு முழுவதும் என்னை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, எல்லாருடைய தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் போட்டார். வகுப்பு முடிந்து எழுந்தால் கால் நேராகாது. நொண்டிக்கொண்டே போவேன். "பாவம், இன்னைக்கு ஜாஸ்தியா இருக்கு போல" என்று அவர் அடுத்த வகுப்புக்கு நாற்காலி கொடுத்தார்.

அம்மா நர்ஸ். ஆபரேஷன் முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டில் வேலை. அங்கே அவள் தினமும் பார்த்தது ஒரே பாடம்: தொடாமல், அசைக்காமல் விட்டால் எதுவும் ஆறும். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். என்னை எதையும் தூக்கவிட மாட்டாள், பிழியவிட மாட்டாள், எழுதுவதைக்கூடக் குறைக்கச் சொன்னாள். எனக்கு ஒரு நீலக் கைப்பிடி கத்தரிக்கோல் இருந்தது. அட்டையில் வீடு, பஸ், தேர், யானை என்று கண்டதை எல்லாம் வெட்டி ஒட்டுவேன். அது அலமாரியின் உச்சிக்குப் போனது. கூடவே வண்ணப்பெட்டியும் போனது. "சும்னே இரு கண்ணு. கொஞ்ச நாள் கைக்கு லீவு குடு" என்பாள். சும்னே என்பது கன்னடத்தில் சும்மா. தமிழிலும் கன்னடத்திலும் நான் அதிகம் கேட்ட சொல் அதுதான்.

பள்ளிக்கூடம், பாட்டில், நாற்காலி எல்லாம் பொறுத்துக்கொண்டேன். கத்தரிக்கோலை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் டிசம்பர் வந்துகொண்டிருந்தது.

எங்கள் கோயில் பங்கில் கிறிஸ்துமஸுக்குச் சந்துக்குச் சந்து குடில் போட்டி நடக்கும். மாட்டுத்தொழுவம், குழந்தை இயேசு, இடையர்கள், மலை, ஆறு எல்லாம் வைத்து ஒவ்வொரு சந்தும் ஒரு குடில் கட்டும். மாதத்தின் ஆரம்பத்திலேயே கொட்டாங்கச்சிகளில் ராகி விதைத்துவிடுவோம். பண்டிகைக்குள் பச்சைப் பசேலென்று புல் தயாராகிவிடும். காக்கிக் காகிதத்தைக் கசக்கி, சாயம் தெளித்தால் மலை. கண்ணாடித் துண்டு வைத்தால் குளம். அதற்குமேல் சீரியல் செட் விளக்கு. பெத்லகேம் ஊரின் வீடுகள் மட்டும் எப்போதும் என் பொறுப்பு. அட்டையில் ஊரையே கட்டிவிடுவேன். ஒரு வருடம் பெத்லகேமில் ஒரு பஸ் ஸ்டாண்டும் இருந்தது. நடுவர்கள் அதற்கு மதிப்பெண் குறைத்தார்கள். பரிசு வழக்கம்போலப் பின்சந்துக்குப் போனது.

எங்கள் சந்தின் ஜெபக் கூட்டத் தலைவி ஆன்ட்டிக்கு அந்தத் தோல்வி தொண்டையில் நின்றது. அவர் ஒரு கான்வென்ட்டில் சமையலறையைப் பார்த்துக்கொள்பவர். எதையும் பெரிய பாத்திரத்தில் யோசிப்பார். அந்த வருடம், ஒரு வீட்டில் எல்லாரும் ஜெபத்துக்குக் கூடியிருந்தபோது, பொம்மைக் குடில் வேண்டாம், உயிர்க் குடில் போடுவோம் என்றார். மாதாவாக, சூசையப்பராக நிஜ ஆட்கள். வெல்டிங் பட்டறைக்காரரின் கைக்குழந்தைதான் இயேசு. குடோனில் கட்டியிருக்கும் ஆட்டுக்குட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, எண்ணெய் டிரம் ஒன்றின் உச்சியில், இறக்கை கட்டிய ஒரு சம்மனசு. எங்கள் வீடுகளில் தேவதூதரைச் சம்மனசு என்றுதான் சொல்வோம்.

"சம்மனசு நம்ம பாப்பாதான்" என்று என்னைக் காட்டினார். "அவ எதுவும் செய்ய வேண்டாம். கைய இப்பிடி விரிச்சுட்டு சும்மா உக்காந்திருந்தா போதும். அவளுக்கும் குடில்ல பங்கு வேணுமில்ல?"

பெண்கள் எல்லாருக்கும் கண் கலங்கியது. அம்மா ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் என் மேல் வைத்த அன்பு அந்த அறையில் தைல வாசனைபோல நிரம்பியிருந்தது. எனக்கு மூச்சு முட்டியது. அப்படியானால் பெத்லகேமை யார் கட்டுவது என்று கேட்டேன். பின்னால் ஒரு பிளெக்ஸ் பேனர் மாட்டிவிடலாம், அதிலேயே ஊர் வந்துவிடும் என்றார் ஆன்ட்டி.

இப்போது யோசித்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. அத்தனை பேரில் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. எது வலிக்கும், எது வலிக்காது என்று. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நமக்குத்தான் தெரியுமே, நடக்கும்போது வலிப்பதைவிட, உட்கார்ந்து எழும்போது அல்லவா உயிர் போகும்? அசையாமல் இருந்தால் மூட்டுக்குள் சிமெண்ட் இறுகிவிடும். சினிமா தியேட்டரில் படம் முடிந்து எல்லாரும் வெளியே போன பிறகும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம் நாம்தானே. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு உட்காருவது ஓய்வு, ஓடுவது வேலை. அவர்கள் எனக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது, உலகத்திலேயே எனக்கு மிகக் கஷ்டமான வேலை.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. டிரம்மின் மேல் பலகை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, என்னைத் தூக்கி உட்காரவைத்தார்கள். முதுகில் தெர்மோகோல் இறக்கையைக் கயிற்றால் கட்டினார்கள். கீழே மாதாவும் சூசையப்பரும் எங்கே நிற்பது என்று வாக்குவாதம். இயேசு வீறிட்டு அழ, பால் கொடுக்க எடுத்துப் போனார்கள். ஆட்டுக்குட்டி ராகிப் புல்லைத் தின்றுவிட்டது. நான் கையை விரித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, மேலே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு மட்டும்தான் என்னிடம் மிச்சம். முழங்கால் போய்விட்டது, இடுப்பு போய்விட்டது, விரித்த கை விரித்தபடியே நின்றுவிட்டது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "சம்மனசு பேசக் கூடாது" என்று கீழே இருந்து குரல் வந்தது.

ஒத்திகை முடிந்து இறங்கச் சொன்னபோது என்னால் இறங்க முடியவில்லை. காலை நீட்டினால் கண்ணில் நீர் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து, உட்கார்ந்த கோலத்திலேயே, பொம்மையைத் தூக்குவதுபோலத் தூக்கி இறக்கினார்கள். இறக்கை சுவரில் இடித்து ஒடிந்தது. தலைவி ஆன்ட்டி அழுதேவிட்டார். "பச்ச மண்ணு, இதக்கூட தாங்கல பாருங்க. நம்ம தப்பு. இவள இனிமே வெளியவே கொண்டு வரக் கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் கட்டிலில் முழங்காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்துகொண்டிருந்தேன். மாடி வீட்டுச் சிநேகிதி வந்து ஜன்னலில் முகத்தை வைத்தாள். அவள் கன்னடக்காரி. என் வகுப்பு. தமிழை எங்கள் சந்தில் பொறுக்கி எடுத்துப் பேசுவாள்.

"ஏனாய்த்து கணே, எதுக்கு அழற?"

"அழல. கோவம்."

"கோவத்துக்கு மூக்கு ஒழுகுமா?"

அவளிடம்தான் முதலில் சொன்னேன். எனக்கு உட்காரத்தான் முடியாது, செய்ய முடியும் என்று. அவள் தோளைக் குலுக்கினாள். தசராவுக்கு அவர்கள் வீட்டில் படிக்கட்டு வைத்துப் பொம்மை அடுக்குவார்கள். உட்காருவது பொம்மையின் வேலை, அதற்கு எதற்கு நீ, ஒரு பொம்மையையே செய்து வைத்துவிடு என்றாள். சொல்லிவிட்டு, மாடிப்படியில் காய்ந்துகொண்டிருந்த சாக்ஸை எடுக்கப் போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தலைவி ஆன்ட்டி ரொட்டித் துண்டுகள் போட்ட சூப் எடுத்துக்கொண்டு வந்தார். அம்மாவும் அவரும் என் கட்டிலருகே தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து உட்கார்ந்து, சம்மனசைக் காகிதக் கூழில் நானே செய்கிறேன், டிரம்மின் மேல் அதை வையுங்கள் என்றேன். அம்மா நான் முடிப்பதற்குள்ளேயே பேடா என்றாள். வேண்டாம் என்றால்கூடச் சில நேரம் இறங்கிவருவாள். பேடா என்று கன்னடத்தில் சொன்னால் கதவு சாத்தியாகிவிட்டது என்று அர்த்தம்.

"உக்கார்ற வேலைக்கே இப்பிடி ஆயிருச்சு. இதுல கூழு பிசையப் போறாளாம்" என்றார் ஆன்ட்டி.

அப்பா அப்போதுதான் வந்தார். கூர்கள்ளி பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் பஸ் ஓட்டுபவர். அதிகம் பேச மாட்டார். சாப்பாட்டு கேரியரை வைத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். வழக்கமாக அப்படித்தான் நிற்பார். நாங்கள் அதை அவருடைய ஸ்டைல் என்று நினைத்திருந்தோம்.

"உக்கார்றது வேலை இல்லேன்னு யாரு சொன்னாங்க?" என்றார்.

ஆன்ட்டி திரும்பிப் பார்த்தார்.

"நான் நாள் பூரா உக்காந்துதாங்க இருக்கேன். வண்டிய நிறுத்திட்டு எறங்கறப்ப இடுப்பு என் கூட வராது. கம்பியப் புடிச்சு நின்னு, அது வந்து சேந்த பொறவுதான் வீட்டுக்கு நடக்கறேன்."

அம்மா மெதுவாகக் கேட்டாள். "எப்போலேருந்து?"

"இவ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து."

"நான் நர்ஸுங்க. என்கிட்ட சொல்லல."

"சொன்னா வண்டிய விடச் சொல்லியிருப்பே. எனக்கு ஓட்டப் புடிக்கும்." அப்பா என்னைப் பார்த்தார். "அவளுக்குப் பிசையப் புடிக்கும்னா பிசையட்டும்."

அம்மா அடுப்படிக்குப் போய், தண்ணீரைக் கொதிக்க வைத்து, வெந்நீர்ப் பையை நிரப்பிக்கொண்டு வந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். கொடுத்த வேகத்தில் கோபம் தெரிந்தது. இத்தனை வருடமாகத் தன் வீட்டிலேயே ஒரு நோயாளி தன் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார் என்ற கோபம். மறுநாள் காலை அலமாரி உச்சியிலிருந்த கத்தரிக்கோல் என் மேஜைமேல் இருந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: விரல் வீங்கினால் நிறுத்திவிட வேண்டும், யாரையும் கேட்காமல்.

வேடிக்கை என்னவென்றால், கத்தரிக்கோலை என்னால் பிடிக்க முடியவில்லை. அந்தச் சின்ன வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையவே இல்லை. அவ்வளவு நாள் ஏங்கிய பொருள். அரைமணி நேரம் அதை முறைத்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தேன். வெட்ட முடியாவிட்டால் என்ன, கிழிக்கலாம். பழைய கன்னடப் பேப்பர்களை மடியில் போட்டு நீள நீளமாகக் கிழித்தேன். கிழிப்பதற்கு விரல் வேண்டாம், முழங்கையும் பிடிவாதமும் போதும். கிழித்ததை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் மைதாப் பசையோடு சேர்த்துப் பிசைய வேண்டும்.

சக வயதினரே, பசையைப் பற்றி நான் உங்களிடம் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டில், வழவழவென்று இருக்கும் மைதாப் பசை. காலை எட்டு மணிக் குளிரில், மரக்கட்டையான இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை அதற்குள் விட்டேன். விரல் ஒவ்வொன்றும் பேச ஆரம்பித்தது. ஆள்காட்டி விரல் முதலில் மடங்கியது. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது, போகவில்லை. ஆறாமல் போய்விடும் என்று அவள் பயந்த கை, அவள் கண் முன்னால் பிசைந்து பிசைந்து இளகியது. அவள் என்ன நினைத்தாள் என்று தெரியாது. மறுநாளிலிருந்து பசையை அவளே காய்ச்சி, ஆறிவிடாமல் துணி சுற்றி வைத்துவிட்டுப் போனாள். அந்த அலுமினியக் குண்டான் பிறகு வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்தது. அதன் விளிம்பு நசுங்கிய இடம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வலி போய்விட்டது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்படிச் சொல்பவர்களிடம் நாம் ஏற்கெனவே நிறைய ஏமாந்திருக்கிறோம். வலி இருந்தது. ஒரு நாள் மணிக்கட்டு வீங்கி, நிபந்தனைப்படி நிறுத்தினேன். அன்று சிநேகிதியை உட்காரவைத்து, அங்கே அழுத்து, இங்கே தேய் என்று நான் சொல்லச் சொல்ல அவள் முகத்தைச் செய்தாள். மூக்கு அவளுடைய அத்தை மூக்கு மாதிரி வந்துவிட்டது என்று சண்டை. உள்ளே கம்பி இல்லாமல் பொம்மை நிற்காது என்று அவள்தான் சொன்னாள். வெல்டிங் பட்டறையில் இயேசுவின் அப்பா ஒரு எலும்புக்கூடு பற்றவைத்துக் கொடுத்தார். அதை அப்பா தோளில் போட்டுக்கொண்டு சந்து வழியாக வந்தபோது நாய்கள் எல்லாம் குரைத்தன.

வேலை செய்யும் முறையையே அப்போதுதான் கண்டுபிடித்தேன். காலை என் நேரம் இல்லை, அதை வெதுவெதுப்பான கூழில் விரல்களை இளக்குவதற்கு விட்டேன். வெயில் வந்த பிறகு கை வேலை. உட்கார்ந்தே செய்யக் கூடாது. கொஞ்சம் பிசைந்ததும் எழுந்து சந்தின் முனைவரை நடந்து, மிளகாய்க்குத் தும்மிவிட்டுத் திரும்பி வர வேண்டும். கை வராத அன்று கண்ணும் வாயும் வேலை செய்யும். இன்றைக்கு நான் பொம்மைகளை அசைத்துக் குறும்படம் எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். வேலை முறை இன்னும் அதேதான். சேரில் உட்காராமல் அலைகிறேன் என்று மேனேஜருக்குப் புகார் போகிறது. போகட்டும்.

சம்மனசு வளர்ந்தது. வயிற்றில் கன்னடத் தலைப்புச் செய்தியின் பாதி தெரிந்தது. வெள்ளை அடித்தும் மறையவில்லை. இறக்கை கோணல். ஆனால் அது உட்காரவில்லை. ஒரு காலை முன்னால் வைத்து, ஏதோ சேதி சொல்ல ஓடி வந்து அப்போதுதான் நின்றமாதிரி இருந்தது. உட்கார்ந்த சம்மனசைச் செய்ய எனக்கு மனமே வரவில்லை.

கடைசியில் மிஞ்சியது கைகள். சிநேகிதி செய்து பார்த்தாள். பழைய காலண்டர்ப் படத்தில் இருப்பதுபோல, நீண்டு, மெலிந்து, வெண்டைக்காய் மாதிரி விரல்கள். அழகாகத்தான் இருந்தன. டிரம்மின் மேல் ஏற்றி வைத்துப் பார்த்தபோது அவை வேறு யாரோ கடன் கொடுத்த கைகள்போல இருந்தன. அவற்றைப் பிய்த்துக் குண்டானில் போட்டுவிட்டு, என் இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வலது கையால் நான் செய்தேன். கணுக்கள் உருண்டையாக. சுண்டுவிரல் கொஞ்சம் விலகி. மணிக்கட்டில் மேடு. அதற்கு முன்னால் என் கையை நான் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. ஒளித்துத்தான் வைத்திருந்தேன், ஸ்வெட்டர் கையை நீளமாக இழுத்துவிட்டு.

நடுவர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சாயங்காலம் வந்தார்கள். பங்குத் தந்தையும், பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவரும். சந்து முழுக்கக் கூட்டம். ராகிப் புல் மறுபடி விதைத்து முளைத்திருந்தது. ஆட்டுக்குட்டியைத் தள்ளிக் கட்டியிருந்தார்கள். இயேசு நல்லவேளையாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மாதாவுக்குத் தடுமன். நான் சீரியல் செட்டின் ஒயரைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். என் சம்மனசின் கைகள் காணவில்லை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை பஞ்சு சுற்றியிருந்தது.

தலைவி ஆன்ட்டியின் வேலை. அவர் கெட்ட மனதோடு செய்யவில்லை. பெத்லகேமில் பனி பெய்ததுபோல மலைமேலும் கூரைமேலும் பஞ்சைத் தூவியிருந்தார். அந்தக் கையோடு கொஞ்சம் கூடுதலாக இதற்கும் வைத்துவிட்டார். குழந்தை கஷ்டப்பட்டுச் செய்ததை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்ற அக்கறை.

டிராயிங் மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். ஓடி வருகிறமாதிரி நிற்கிறதே என்று ரசித்தார். வயிற்றில் இருந்த செய்தியை வாசித்துச் சிரித்தார். பிறகு, கையில் என்ன, கட்டுப் போட்டிருக்கிறதா என்று கேட்டார்.

"பனி சார்" என்றார் ஆன்ட்டி. பிறகு குரலைத் தாழ்த்தி, "பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல. கை மட்டும் சரியா வரல. அதான்."

எனக்குக் காது சூடாகியது. எல்லாரும் பரிதாபமாகப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. சும்னே இருந்தால் போதும், பரிசுகூட நமக்குக் கிடைக்கலாம். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். ஸ்வெட்டர் கையை முழங்கைவரை மேலே தள்ளினேன்.

"சரியாத்தான் சார் வந்திருக்கு. பஞ்ச எடுக்கச் சொல்லுங்க."

ஆன்ட்டி என் தோளைப் பிடித்தார். டிரம் உயரம், எனக்கு எட்டாது. ஏறினால் முழங்கால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்தேன். அதற்குள் அம்மா வந்து அந்த ஸ்டூலின் மேல் ஏறிவிட்டாள். டியூட்டி முடிந்து வந்த வெள்ளைச் சேலையோடு. பஞ்சைப் பிய்க்கவில்லை, ஒரு நுனியைத் தேடி எடுத்துச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். முதலில் வலது கை, பிறகு இடது கை. பிரித்து முடித்ததும் அந்தச் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது என் மக கை, சார்" என்றாள் மேலே இருந்தபடியே. "இப்பிடித்தான் இருக்கும்."

டிராயிங் மாஸ்டர் பொம்மையின் கையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். நான் மறைக்கவில்லை.

"வலிக்குமா?" என்று கேட்டார்.

"வலிக்கும் சார்."

"இதச் செய்யறப்பவுமா?"

"ஆமா சார். செய்யாதப்பவும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். பங்குத் தந்தை என் தலையில் கை வைக்க வந்து, என்ன நினைத்தாரோ, கையை நீட்டி என் கையைக் குலுக்கினார். இறுக்கமாகக் குலுக்கினார். உயிர் போனது. நான் விடவில்லை.

பரிசு பின்சந்துக்குத்தான் போனது. அவர்கள் நிஜ ஒட்டகத்தைக் கூட்டிவந்திருந்தார்கள். எங்கள் சம்மனசு அடுத்த மழைக்காலம்வரை குடோனில் நின்றது. கூரை ஒழுகி, எலி தின்று, கடைசியில் கம்பி மட்டும் மிஞ்சியது. அதைப் பட்டறைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் காலையில் நான் நினைத்ததைவிட மோசமாக எழுந்தேன். எழவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பூசைக்கு அப்பா என்னைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனார். இருவரும் ஒரே மாதிரி நொண்டிக்கொண்டு போனோம். கோயில் வாசலில் தலைவி ஆன்ட்டி நின்றிருந்தார். கல்கல் பலகாரம் நிறைத்த டப்பாவை என் கையில் கொடுக்க வந்தவர், ஒரு கணம் தயங்கி, பிறகு கொடுத்தேவிட்டார். கனமான டப்பா.

"ஈஸ்டருக்குக் கல்லறை செட் போடணும்" என்றார். "பாறையெல்லாம் வேணும். பெருசு பெருசா. யாரு செய்யறது?"

"நான்" என்றேன், அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே.